மச்சாளின் முதல் குரல்

பாட்டுத் தொடங்குவதற்கு முன்னர் மச்சாள் வாயை மூடிக்கொண்டு ஒரு சுரம் தருவார். ஒரு மூச்சு நீளத்துக்கு மேல் அது இராது. மேடைக்குக் கீழே நிற்பவர்களுக்கு அது கேட்காது, எங்களுக்கு மட்டும் கேட்கும். அந்த ஒற்றை ‘ம்’மிலிருந்து அண்ணன் ஆழத்தில் தன் இடத்தை எடுத்துக்கொள்வார். ஓட்டோத் தம்பி நடுவில் தன் இடத்தை எடுப்பான். நான் மச்சாளின் குரலுக்குச் சற்றுக் கீழே போய் நிற்பேன். பிறகு நான்கு பேரும் ஒன்றாக வாய் திறப்போம். ஓர்கன் இல்லை, கித்தார் இல்லை, மேளம் இல்லை. பிடித்துக்கொள்ள எங்களுக்கு இருந்தது அந்தச் சுரம் ஒன்றுதான். அவர் அதைத் தரும்போது கண்கள் மூடியிருக்கும். வலக்கை சேலைத் தலைப்பின் ஓரத்தை உருட்டிக்கொண்டிருக்கும். எத்தனை மேடை ஏறியும் அந்தக் கையின் பதற்றம் மட்டும் போகவில்லை.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்துக் கரையில் உள்ள ஒரு மீன்பிடிக் கிராமத்தில் பிறந்தவர். இறுதி யுத்தத்தில் ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்து, ஒவ்வொரு ஊராகப் பின்வாங்கி, கடைசியில் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அவரோடு அவருடைய ஆட்கள் ஒருவரும் இருக்கவில்லை. அந்த முகாமுக்குத் தண்ணீர் பவுசர் ஓட்டிய அண்ணன் அவரை எப்படிக் கண்டார், என்ன பேசினார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் அம்மாவிடம் வந்து, “ஒரு பிள்ளை இருக்கிறா. ஒருத்தரும் இல்லாத பிள்ளை. கட்டப்போறன்” என்று மட்டும் சொன்னார். அம்மா மறுக்கவில்லை. கலியாணத்துக்கு மச்சாளின் பக்கத்தில் தோழியாய் நிற்க ஆளில்லாததால் நான் போய் நின்றேன். அவருக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம்.

அவர் பாடுவார் என்று எங்களுக்குத் தெரியவந்தது முதல் தவக்காலத்தில்தான். எங்கள் கோயிலில் அந்த நாற்பது நாளும் ஓர்கனை மூடி வைத்துவிடுவார்கள். வாத்தியம் இல்லாததால் பாடகர் குழு அந்த நாட்களில் நொண்டிக்கொண்டுதான் பாடும். ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில், கடைசி வாங்கு வரிசையில் இருந்து ஒரு குரல் எழுந்தது. சத்தமான குரல் இல்லை. ஆனால் எங்கே போகவேண்டும் என்று தெரிந்து போகிற குரல். தடுமாறிக்கொண்டிருந்த கூட்டம் அறியாமலே அதன் பின்னால் போய்விட்டது. பூசை முடிந்து பங்குச் சுவாமி வாசலில் வந்து நின்று, “ஆர் பாடினது?” என்று கேட்டார். மச்சாள் குற்றம் செய்தவர் போல அண்ணனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அப்படித்தான் எங்கள் குழு உருவானது. மச்சாள் முதல் குரல், நான் இரண்டாம் குரல். மூன்றாவது, மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்து, பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். மச்சாளை அக்கா என்று கூப்பிட்டதால் எங்கள் எல்லோருக்குமே தம்பியாகிப் போனான். அடிக்குரல் அண்ணன். அண்ணன் அதுவரை பாடியது பவுசருக்குள் இருந்துகொண்டு மட்டும்தான். நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், காணிக் கிளையில் எழுதுவினைஞர். “கச்சேரியில வேலை செய்யிற பிள்ளை கச்சேரி செய்ய வந்திட்டா” என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

பின்னேரங்களில் அண்ணன் வீட்டு முன்னறையில் பாட்டுப் பழகுவோம். மச்சாள் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். தையல் மெசினை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கதிரைகளைப் போடுவார். ஆண்களுக்கு அவர் அதிகம் சொல்லிக்கொடுக்க மாட்டார். “காது சொல்லுறபடி போங்கோ” என்பார். எனக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துப் பிடித்துச் சொல்வார். “அதில மூச்சு எடுக்காத. அவ அதில எடுக்கிறேல்லை.” அந்த ‘அவ’ யார் என்று நான் கேட்கவில்லை. ஏதோ பழைய பாடகர் குழுவில் இருந்த ஒருத்தியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் எப்போதும் அவருடைய இடப்பக்கத்தில்தான் நிற்கவேண்டும் என்பதும் ஒரு கட்டளை. வலது காது அவருக்குக் கேட்காது என்று கலியாணத்தன்றே தெரியும். அதனால்தான் என்று அதையும் விட்டுவிட்டேன்.

தலைமன்னாரில் ஒரு நற்செய்திப் பாடல் நிகழ்ச்சியில் பாடிவிட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் அவர் சொன்னார். ஒரே ஒரு தடவை. அதற்கு முன்பும் சொன்னதில்லை, பின்பும் இல்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, என்னிடம் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார்.

“பங்கருக்குள்ள சின்னப் பிள்ளையள் அழும். அழுதால் எல்லாருக்கும் பயம் கூடும். அதுக்காக நானும் தங்கச்சியும் பாடுவம். வாத்தியம் எங்க கிடந்தது? வாய்தான் மிச்சம். நான் மேல பாடுவன், அவ கீழ பாடுவா. ஒருநாள் கஞ்சி குடுக்கினம் எண்டு சத்தம் கேட்டுது. பாதிப் பாட்டில எழும்பி, ‘வாறன், நீ பாடு’ எண்டிட்டு ஏறினா. நான் பாடிக்கொண்டிருந்தனான்.”

அவ்வளவுதான் சொன்னார். தங்கச்சி போனதும் வலது காது போனதும் பதுங்குகுழிக்கு வெளியே விழுந்த ஒரே ஷெல்லில்தான் என்பதை நானே சேர்த்து விளங்கிக்கொண்டேன். நான் பாடிக்கொண்டிருந்தது யாருடைய இடத்தில் என்பதும் அன்றுதான் விளங்கியது. பஸ் பேசாலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. மச்சாள் பையைத் திறந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்து, பாதியை என் கையில் வைத்தார்.

அந்த நான்கைந்து ஆண்டுகள் எங்களுக்கு நல்ல ஆண்டுகள். தீவிலும் கரையிலும் நற்செய்திப் பாடல் விழா எங்கே நடந்தாலும் கூப்பிடுவார்கள். மற்றக் குழுக்கள் டிரம்ஸும் ஓர்கனுமாக மேடையை நிறைத்துவிட்டு இறங்கும். நாங்கள் வெறுங்கையோடு ஏறுவோம். சனம் முதலில் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருக்கும், மைதானத்துக்கு வெளியே ஒரு கழுதை கத்தும், கடலைக்காரன் கூவுவான். முதல் அடி முடியும்போது கடலைக்காரனும் நின்றுவிடுவான். எல்லா மேடையிலும் கடைசிப் பாட்டு ஒன்றுதான். மச்சாளும் தங்கச்சியும் பங்கருக்குள் கட்டிய பாட்டு. “கரை தெரியவில்லை ஆண்டவரே, கையைப் பிடியும்” என்று தொடங்கும். அதைக் கட்டியது யார் என்று மேடையில் சொல்ல மச்சாள் விடவில்லை.

இறக்கம் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தவன் ஓட்டோத் தம்பி. அவனுடைய போனில் சுரம் பார்க்கும் ஒரு செயலி இருந்தது. ஒருநாள் பழகி முடிந்து நான் வெளியே வந்தபோது ஓட்டோவில் சாய்ந்துகொண்டு நின்று அதைக் காட்டினான். “அக்கா, நாங்கள் இறங்கிப் போறம். தொடங்கின இடத்தில முடிக்கேல்லை. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமா.” வாத்தியம் இல்லாமல் பாடுபவர்களுக்கு அது வழக்கம்தானே என்றேன். “ஓம். ஆனா ஆர் இழுக்கிறது எண்டு பாத்தனான்” என்றான். மச்சாள் இருந்த முன்னறையைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு எல்லாம் கண்ணில் படத் தொடங்கியது. தொலைக்காட்சியின் சத்தம் கூடியிருந்தது. சமையலறையில் இருந்து கூப்பிட்டால் மச்சாள் திரும்புவதில்லை. பின்னேரத்தில் தெருவால் பாண் விற்றுக்கொண்டு வரும் ஓட்டோவின் இசையை அவர் எப்போதும் பகிடி பண்ணுவார். “அந்த மெசினுக்குச் சளி பிடிச்சிருக்கு, பாதிச் சுரம் கீழ போகுது” என்பார். ஒரு பின்னேரம் அந்த ஓட்டோ வாசலில் வந்து நின்று முழுதாக ஒரு சுற்று இசைத்துவிட்டுப் போனது. மச்சாள் தையலில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“அவவுக்குச் சொல்லாத.”

“சொல்லாமல் எப்பிடி அண்ணா? கிளினிக்குக்கு எண்டாலும் கூட்டிக்கொண்டு போகவேணும்.”

“ஆறுதலாப் போவம். அந்தப் பெரிய நிகழ்ச்சி முடியட்டும். அவவுக்கு வேற என்ன இருக்கு?”

பெரிய நிகழ்ச்சி என்றது, எல்லாச் சபைகளும் சேர்ந்து பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு மன்னார் நகரத்தில் ஒழுங்கு செய்திருந்த பாடல் விழா. வெளியூர்களில் இருந்தெல்லாம் குழுக்கள் வர இருந்தன. மச்சாள் அதற்காக எங்கள் மூவருக்கும் வெள்ளை உடுப்பும், தனக்கு ஒரு நீலச் சட்டையும் தைத்துவிட்டார். அவ்வளவு சந்தோசமாக அவரைக் கண்டதில்லை. நான் அதைக் கெடுக்க விரும்பவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அவ்வளவு சனத்துக்கு முன்னால் சுருதி பிசகிய குழுவில் ஒருத்தியாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. கச்சேரியில் எல்லோரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதனால் நான் செய்தது இதுதான். விழாவன்று மூன்று மணிக்கே மைதானத்துக்குப் போய் ஒலிபெருக்கிக்காரரைக் கண்டேன். நடுவில் நிற்பவரின் மைக்கைக் குறைத்துவிடும்படி சொன்னேன். “முற்றாகவோ?” என்று கேட்டார். “கேட்டும் கேளாமலும்” என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும், “என்ர குரலைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ, அவவின்ர பின்னால போகவேண்டாம்” என்று சொல்லி வைத்தேன். தம்பி நிலத்தைப் பார்த்தான். அண்ணன் சட்டைப் பொத்தானைப் பூட்டினார்.

பாட்டு நன்றாக வந்தது. அதுதான் இன்றும் என்னை உறுத்துவது. மச்சாள் சுரம் தந்தார். அது ஏற்கெனவே சற்றுக் கீழேதான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. போனில் கேட்டு மனதில் வைத்திருந்த சுரத்தில் தொடங்கினேன், ஆண்கள் இருவரும் என்னோடு வந்தார்கள். இரண்டாம் அடியில் மச்சாளின் குரல் எங்களை விட்டு விலகத் தொடங்கியதை, பக்கத்தில் நின்றதால், நான் மட்டும் கேட்டேன். அவர் என் பக்கம் சாய்ந்தார். இடது காதை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து தேடினார். முந்தி என்றால் நான் அவரோடு இறங்கியிருப்பேன், எங்கள் நால்வருக்கும் அது ஒரு குறையாகத் தெரிந்திராது. அன்று நான் இறங்கவில்லை. முடிந்ததும் சனம் எழும்பி நின்று கை தட்டியது. மச்சாள் என் கையைப் பிடித்து நசுக்கினார். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன.

நாலாம் நாள் சுவாமி வீட்டுக்கு வந்தார். யாரோ எடுத்த வீடியோவைப் பெருமையோடு போனில் போட்டுக் காட்டினார். மச்சாள் போனை வாங்கி இடது காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அது சிரிப்பாக இல்லை. முதலில் இருந்து மறுபடி போட்டார். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டுப் போனைக் காதில் இருந்து எடுத்தார்.

“நான் எங்க?” என்றார்.

சுவாமிக்கு விளங்கவில்லை. “நடுவில நிக்கிறீங்கள், நீலச் சட்டை” என்று படத்தைக் காட்டினார்.

“அது தெரியுது சுவாமி. நான் எங்க?”

சுவாமி போன பிறகு அவர் என் முன்னால் வந்து நின்றார். “மைக்கைக் குறைக்கச் சொன்னது ஆர்?” என்று கேட்டார். நான், மைக் பிழையாக இருந்திருக்கும் என்றேன். அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“எனக்குக் காது போகுது எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் எண்டதும் தெரியும். எப்ப சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். ஒருத்தர் சொல்லியிருந்தால் நானே நிண்டிருப்பன். நிப்பாட்டுறதையாவது என்ர கையில விட்டிருக்கலாம்.”

பிறகு என்னைப் பார்த்து, மிகவும் மெதுவாக, “நீ என்னைத் தனியப் பாட விட்டிட்டாய்” என்றார்.

அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் பாடவில்லை. பேச்சை முறிக்கவில்லை, வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி தருவார், என் பிள்ளைகளின் உடுப்புகளைத் தைத்துத் தருவார். ஆனால் கோயிலில் எல்லோரும் பாடும்போது உதட்டை மூடிக்கொண்டு நிற்பார். அண்ணன் அவரைக் கிளினிக்குகளுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தார். கொழும்புக்கும் போனார்கள். மிஞ்சியிருந்த காதின் நரம்பும் செத்துக்கொண்டு போகிறது என்றார்கள். ஒரு காது மெசின் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் ஞாயிறு பூசைக்கு வந்தார். ஓர்கன் தொடங்கியதும் கழற்றிக் கைக்குட்டைக்குள் வைத்துவிட்டார். “தகரத்தில ஆணியால கீறுறமாதிரி இருக்கு. அது பாட்டு இல்லை” என்றார். அதன் பிறகு அது அலுமாரிக்குள் போனது.

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஒவ்வொரு தடவை போகும்போதும் இன்று கேட்பேன் என்றுதான் போவேன். வாசல்வரை வந்த சொல் தேத்தண்ணியோடு உள்ளே போய்விடும். எனக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் இருப்பதாக நினைத்தேன். ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது மிச்சம் இருந்த செவிப்புலனும் போய்விட்டது. இப்போது எதையும் அவருக்கு எழுதித்தான் காட்டவேண்டும். மேசையில் ஒரு கொப்பி எப்போதும் இருக்கும். அதில், “மா முடிஞ்சுது”, “கரண்ட் ஆக்கள் வந்தவை”, “மழை வரும், உடுப்பை எடுங்கோ” என்றெல்லாம் அண்ணன் எழுதியிருப்பார்.

அந்தக் கொப்பியில்தான் நானும் எழுதினேன். மைக்கைக் குறைக்கச் சொன்னது நான்தான், எனக்கு வெட்கமாக இருந்தது, அண்ணன் இல்லை, நான்தான், என்னை மன்னியுங்கோ. நான்கு வரி. வாயால் சொன்னால் காற்றில் போய்விடும். எழுதியது அங்கேயே கிடந்து என்னைப் பார்த்தது. மச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார். தன்னுடைய குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாதவர் அவர். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்:

“இது எனக்கு அண்டைக்கே தெரியும். உன்ர அண்ணனுக்கு இதுக்கெல்லாம் துணிவில்லை.”

நான் அழுதேன். அவர் கொப்பியின் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டி, “தங்கச்சி மாதிரி நீயும் அந்த இடத்தில மூச்சு எடுக்கிறேல்லை. அதை விட்டிடாத” என்றார். மன்னித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டு எழுதும் துணிவு எனக்கும் இல்லை.

இந்த ஆண்டு அதே பாடல் விழாவுக்கு மறுபடி கூப்பிட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். மச்சாள் கொப்பியில் அழைப்பைப் பார்த்துவிட்டு, “போங்கோ. அந்தப் பாட்டைப் பாடுங்கோ. பிள்ளையள் கேக்கட்டும்” என்றார். முதல் குரலுக்கு உப்புக்குளத்தில் இருந்து ஒரு இளம்பெண் வந்தாள். சுத்தமான குரல், சுருதி அணுவளவும் அசையாது. மச்சாள் எங்கள் பயிற்சிகளுக்கு வந்து கதிரையில் இருந்து எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பின்னேரம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, எனக்கு இடப்பக்கத்தில் நின்றவளை, தான் முந்தி நின்ற வலப்பக்கத்துக்கு மாற்றி நிறுத்தினார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

விழாவன்று சுரம் தந்தது நான். எங்களுக்குக் கிடைத்தது பின்னேர வெயில் இறங்கும் நேரம். மச்சாள், மேடையேறிவிட்ட அண்ணனின் வெறும் கதிரைக்குப் பக்கத்தில், இரண்டாம் வரிசையில் இருந்தார். “கரை தெரியவில்லை ஆண்டவரே” என்று அந்தப் பெண் எடுத்தபோது மைதானம் அடங்கியது. நான் மச்சாளைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த ஒரு பெண்ணின் மடியில் நித்திரையாகிவிட்ட குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த அடியில் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அந்த இடம் வந்தது. நான் மூச்சு எடுக்கவில்லை.

முடிந்ததும் சனம் கை தட்டியது. மச்சாள் இன்னும் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துக் கைகள் அசைவதைக் கண்டு, இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பாட்டு முடிந்துவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது. மற்றவர்கள் ஓயத் தொடங்கிய நேரத்தில், அவர் கை தட்டத் தொடங்கினார்.